மூட்டைப் பார்த்த பிறகே மாதிரியுரு: ஊவாவின் இளம் பொறியியலாளர்களுக்குச் சில அறிவுரைகள்

பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் பிறந்து, உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்து, பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் முடித்து வரும் பிள்ளைகளை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கில் படித்த எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. சாப் 2000, எட்டாப்ஸ், ஸ்டாட் புரோ, புரோகான் என்று ஏதாவது ஒரு மென்பொருள் முதல் நாளே உங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. நாங்கள் வாரக்கணக்கில் போட்ட கணக்கை அது நிமிடத்தில் போட்டுத் தருகிறது. நல்லதுதான். அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

தேயிலை ஸ்டோர்களின் இரும்புச் சட்டகங்களையும் கூரைகளையும் தோட்டத்து நடைபாலங்களையும் பரிசோதிப்பதும் பலப்படுத்துவதுமே என் வாழ்நாள் தொழில். அதில் கற்றதைச் சுருக்கினால் ஒரு விஷயம்தான் மிஞ்சுகிறது. உத்திரத்தையும் தூணையும் கணக்கிட மென்பொருளுக்குத் தெரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது நாம் சொன்னால்தான் தெரியும். நாம் சொல்லாவிட்டால் அதுவாக ஒன்றை எடுத்துக்கொண்டு விடை தந்துவிடும். பெரிய விபத்துகள் பலவற்றின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அந்தச் சந்திப்பில்தான் போய் நிற்கிறது. கீழே வரும் அறிவுரைகள் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே எழுதப்பட்டவை.

1. கணினியைத் திறக்குமுன் கட்டிடத்துக்குப் போங்கள்.

ஊவாவில் உங்களுக்கு வரும் வேலைகளில் பாதி, ஏற்கனவே நிற்கும் கட்டிடங்களைப் பற்றியது. வெள்ளைக்காரர் காலத்தில் இரும்புச் சட்டகமும் தகரமும் பலகைத் தளமுமாக எழுப்பிய தேயிலை ஸ்டோர்கள் இன்னும் வேலை செய்கின்றன. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் உள்ளது 1890இல் கட்டப்பட்டது. இப்படியான கட்டிடங்களுக்குப் பெரும்பாலும் வரைபடம் கிடைக்காது. கட்டிடமே வரைபடம்.

ஆகவே அளவுநாடா, கலிப்பர், கம்பி பிரஷ், டோர்ச், சோக், நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். கொழுந்து வாட்டும் மாடியின் அடிப்பக்கத்தில் ஓர் உத்திரம் தூணைத் தொடும் இடத்துக்குப் போய், தூசியையும் பழைய பெயின்டையும் சுரண்டிப் பாருங்கள். உத்திரம் ஒரு கோண இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? மேல் விளிம்பில் போல்ட் இருக்கிறதா, நடுத்தகட்டில் மட்டும் இருக்கிறதா? எத்தனை போல்ட்? ரிவெட்டா, பிறகு யாரோ வைத்த வெல்டிங்கா? தூணின் உள்ளே எதிர்த் தகடு கொடுத்திருக்கிறார்களா?

நான் பார்த்த ஒரு ஸ்டோரில் உத்திர முனையின் மேற்பக்கம், தூணை ஒட்டி, பெயின்ட் ஒரு மெல்லிய கோடாக வெடித்திருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்த பிறகும் அதே இடத்தில் அதே கோடு. மாடியில் கொழுந்து நிறையும்போது உத்திர முனை கொஞ்சம் சுழல்கிறது, இறக்கியதும் திரும்புகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஒரு மனிதரின் சுண்டுவிரல் நீளமுள்ள அந்தக் கோடு, இந்த மூட்டை விறைப்பான மூட்டாக எடுக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் இருந்தால் அதைக் கேட்டிருக்க முடியாது.

2. பாரம் போகும் வழியைக் கையால் வரையுங்கள்.

பச்சைக் கொழுந்தின் பாரம் வாட்டும் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து சிறு உத்திரத்துக்கு, அதிலிருந்து பெரிய உத்திரத்துக்கு, தூணுக்கு, அடித்தகட்டுக்கு, மண்ணுக்கு. ஒரு தாளில் இதை அம்புக்குறியிட்டு வரையுங்கள். ஒவ்வோர் அம்பும் ஒரு மூட்டைக் கடக்கிறது. அந்த மூட்டு எதைக் கடத்துகிறது என்று பக்கத்திலே எழுதுங்கள்: நெருக்கல் மட்டுமா, வெட்டு விசையுமா, திருப்பமுமா? எழுதத் தெரியாத இடம் எதுவோ, அங்கேதான் நீங்கள் இன்னொரு முறை ஏணியில் ஏற வேண்டும்.

அந்த மாடிகள் முதலில் எதற்காகக் கட்டப்பட்டன என்பதையும் கேளுங்கள். சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டிய தளங்களில் பிற்காலத்தில் தொட்டிகளும் மின்விசிறிகளும் ஏறின. பாரமும் மாறியது, அதிர்வும் வந்தது. விசிறியின் சுழற்சிக்கும் தளத்தின் இயல்பு அதிர்வெண்ணுக்கும் நெருக்கம் இருந்தால், நிலையான பாரத்துக்குப் போட்ட கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் போல்ட்கள் மெல்லத் தளர்ந்துவிடும்.

3. திரையில் உள்ள கோடு உறுப்பின் மையம்தான் என்பதை மறக்காதீர்கள்.

மென்பொருளில் உறுப்புக்குத் தடிப்பு இல்லை. நாம் வரையும் கோடு அதன் மைய அச்சு. ஆனால் நிஜத்தில் பர்லின் கைமரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். உத்திரம் தூணின் மையத்தை அல்ல, அதன் விளிம்பைத்தான் தொடும். கூரைச் சட்டகத்தின் கோண இரும்புகள் இணைப்புத் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். மையக் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்காவிட்டால் அங்கே கூடுதல் திருப்பம் பிறக்கிறது. 100 கிலோநியூற்றன் விசை 75 மில்லிமீற்றர் விலகி வந்தால் 7.5 கிலோநியூற்றன் மீற்றர் திருப்பம். சிறிய கோண இரும்புக்கு இது உயிர்போகும் தொகை.

எல்லா விலகலையும் மாதிரியுருவில் கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் எதை விடுகிறீர்கள் என்பதைத் தெரிந்தே விடுங்கள். விட்டதன் விளைவைக் கையால் கணக்கிட்டு இணைப்பின் வடிவமைப்பில் சேருங்கள்.

4. தொடுவது போல் தெரிவது தொடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு கோடுகள் திரையில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் மட்டும் அவை இணைந்துவிடாது. அந்த இடத்தில் கணு வேண்டும், கோடு அங்கே பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். வரைபட மென்பொருளிலிருந்து கொண்டுவந்த மாதிரியுருவில் 3 மில்லிமீற்றர் இடைவெளியில் இரட்டைக் கணுக்கள் ஒளிந்திருக்கும். கண்ணுக்கு ஒரே புள்ளி, கணக்குக்கு இரண்டு. அதேபோல நிஜத்தில் ஒன்றையொன்று தொடாமல் கடக்கும் இரண்டு குறுக்குக் கம்பிகளை மென்பொருள் தானாகப் பிணைத்துவிடவும் கூடும். வடிவம் வளைந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்த இரண்டும் பிடிபடும்.

5. விறைப்பா, பிணையலா என்ற முடிவை நீங்களே எடுங்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆறுதலாகப் படியுங்கள்.

சட்டக மென்பொருள்களில் இரண்டு உறுப்புகளை ஒரு கணுவில் சேர்த்தால், வேறு ஏதும் சொல்லாதவரை, அது முழு விறைப்பான மூட்டு. இரண்டு போல்ட் போட்ட ஒரு கோண இரும்பு இணைப்போ கதவுக் கீலைப் போலத்தான் வேலை செய்கிறது: பாரத்தைத் தாங்கும், சுழல்வதைத் தடுக்காது. இதுதான் பிணையல்.

6 மீற்றர் நீளமான உத்திரத்தில் மீற்றருக்கு 10 கிலோநியூற்றன் பாரம் என்று வையுங்கள். இரு முனையும் பிணையலாக இருந்தால் நடுவில் வளைவுத் திருப்பம், பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தது: 45 கிலோநியூற்றன் மீற்றர். இரு முனையும் முழு விறைப்பாக இருந்தால் முனைகளில் பன்னிரண்டால் வகுத்தது, அதாவது 30. நடுவில் 15 மட்டும். நடுப்பகுதியின் தொய்வோ, பிணையலில் வருவதில் ஐந்தில் ஒன்று. நீங்கள் மூட்டைக் கவனிக்காமல் விட்டு, மென்பொருள் சொன்ன 30க்கு உத்திரத்தைத் தெரிவு செய்தீர்கள் என்றால், கட்டிடத்தில் அதன் நடுவில் 45 வந்து நிற்கும். ஒன்றரை மடங்கு. தொய்வும் ஐந்து மடங்கு. கணக்கில் ஓர் எண்கூடப் பிழையில்லை. எடுத்துக்கொண்ட கட்டிடம்தான் வேறு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நடுத்தகட்டிலும் விளிம்புகளிலும் சுற்றிவர வெல்டிங் செய்த உத்திரத்தைப் பிணையல் என்று எடுத்தால், உத்திரம் தப்பும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத திருப்பம் தூணுக்குள் போகும், அந்த வெல்டிங்குக்கும் போகும். பிணையல் என்று எடுத்தால் அந்த இணைப்பு உடையாமல் சுழலக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

நிஜ மூட்டுகள் இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கின்றன. யூரோகோட் 3 இதற்கு எல்லை வைத்திருக்கிறது. இணைப்பின் சுழற்சி விறைப்பு, உத்திரத்தின் வளைவு விறைப்பை நீளத்தால் வகுத்த தொகையில் பாதிக்கு மேற்படாவிட்டால் அது பிணையல். பக்கவாட்டு அசைவைக் குறுக்குக் கட்டுகள் போதுமான அளவு அடக்கிய சட்டகத்தில் அதே தொகையின் 8 மடங்கும், மற்றச் சட்டகங்களில் 25 மடங்கும் வந்தால் விறைப்பு. இடையில் நிற்பதெல்லாம் அரை விறைப்பு, அதற்குச் சுழற்சி வில் கொடுக்க வேண்டும். வில்லின் மதிப்பு தெரியாவிட்டால் இரண்டு எல்லைகளிலும் தனித்தனியாக ஓட்டுங்கள். உத்திரத்துக்குப் பிணையல் விடையையும், தூணுக்கும் இணைப்புக்கும் விறைப்பு விடையையும் எடுத்தால் பெரும்பாலும் பாதுகாப்பான பக்கத்தில் இருப்பீர்கள்.

6. விடுவிப்புகளை அளவோடு கொடுங்கள்.

பிணையல் வேண்டும் என்று கண்ட முனைகளிலெல்லாம் எல்லாத் திசைகளையும் விடுவித்துவிடும் பழக்கம் புதியவர்களிடம் உண்டு. ஓர் உறுப்பின் இரு முனையிலும் முறுக்கலை விடுவித்தால் அது தன் அச்சிலேயே சுழலும். ஒரு கணுவில் சேரும் எல்லா உறுப்புகளையும் விடுவித்தால் கணு அந்தரத்தில் நின்று சுற்றும். மென்பொருள் உறுதியின்மை என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அடக்குவதற்காக இல்லாத தாங்கி ஒன்றைச் செருகாதீர்கள். அந்தத் தாங்கி தரும் எதிர்விசை உங்கள் கட்டிடத்தில் எங்கிருந்தும் வரப்போவதில்லை.

7. உறுப்பு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பாருங்கள்.

நிற்க வேண்டிய உத்திரம் படுத்திருந்தால் அதன் வளைவு விறைப்பு, ஒடுக்கமான பிரிவுகளில் பத்தில் ஒன்றுக்குக்கூட வராது. கோட்டுப் படத்தில் இது தெரியாது. முழு வடிவத்தைக் காட்டும் தோற்றத்துக்கு மாறி ஒவ்வொரு வரிசையையும் பாருங்கள். சரிவான கூரையில் பர்லின் சாய்ந்து நிற்பதால் இரண்டு அச்சிலும் வளைகிறது. சறுக்கலைத் தடுக்கும் கம்பிகள் இருந்தால் மட்டுமே சிறிய அச்சில் நீளத்தைக் குறைக்கலாம்.

8. கூரைச் சட்டகத்தில் பாடப்புத்தகம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இணைந்த கணிதத்தில் ஒப்பமாக மூட்டப்பட்ட கோல்களை வைத்துச் சட்டப்படல் கணக்குகள் செய்திருப்பீர்கள். அந்தக் கோல்களுக்கு இழுவையும் உதைப்பும் மட்டும்தான். பாரமும் மூட்டுகளில் மட்டும்தான். நிஜக் கூரையில் மேல் கீழ் நீள் உறுப்புகள் மூட்டில் அறுபடாமல் ஓடுகின்றன. அவற்றைத் தொடர்ச்சியாகவும், இடையிலுள்ள சாய்வுகளைப் பிணையலாகவும் எடுங்கள். பர்லின் மூட்டுக்கு நடுவே உட்கார்ந்தால் அந்த மேல் உறுப்புக்கு வளைவும் உண்டு.

அடுத்தது காற்று. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வீசி ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அதே வறண்ட காற்று, கூரைத் தகரத்தை மேலே இழுக்கவும் செய்கிறது. தகரக் கூரையின் சொந்தப் பாரம் கொஞ்சம்தான். மேலிழுப்பு அதை வென்றால், எப்போதும் இழுவையில் இருந்த கீழ் உறுப்பு உதைப்புக்கு மாறும். பக்கவாட்டுப் பிடிமானம் இல்லாத மெல்லிய உறுப்பு அங்கே நெளிந்து போகும். 1978 நவம்பரில் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளிக்குப் பிறகு நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து வடிவமைப்புக் கைநூல் வந்தது. அதில் உங்கள் தோட்டம் எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அதோடு நில்லாமல், மலை முகட்டில் காற்று வேகம் கூடும் என்பதற்கான காரணியையும் சேருங்கள். நம் ஸ்டோர்களில் பல, காற்று நன்றாகப் படவேண்டும் என்பதற்காகவே முகட்டில் கட்டப்பட்டவை.

குறுக்குக் கட்டுக்கு மெல்லிய உருளைக் கம்பி போட்டிருந்தால் அதை இழுவை மட்டும் தாங்கும் உறுப்பாகக் கொடுங்கள். அப்படிக் கொடுத்த பிறகு தனித்தனிப் பாரங்களின் விடைகளைக் கூட்டிப் பயனில்லை. ஒவ்வொரு பாரச் சேர்க்கையையும் தனியாக ஓட்ட வேண்டும். ஆற்றின் மேலே கம்பிவடத்தில் தொங்கும் தோட்டத்து நடைபாலத்துக்கும் இதே விதிதான். வடத்தின் வடிவம் பாரத்தோடு மாறுகிறது, சாதாரண நேரியல் கணக்கு அதற்குப் பொருந்தாது.

9. பிடிமானம் இல்லாத நீளத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

ஒரு தூணை வசதிக்காக நான்கு துண்டாகப் பிரித்தால் சில மென்பொருள்கள் ஒவ்வொரு துண்டையும் தனித் தூணாக எடுத்து நெளிவைச் சோதிக்கும். பக்கவாட்டில் பிடிப்பே இல்லாத 6 மீற்றர் தூண் ஒன்றரை மீற்றர் தூணாகித் தேறிவிடும். நீளம் இரட்டித்தால் நெளிவுத் தாங்குதிறன் நான்கில் ஒன்றாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகர உள்ளரங்கின் கூரை கணினி கொண்டு வடிவமைக்கப்பட்டது. மேற்பகுதிக் கம்பிகளுக்கு நடுவில் பிடிமானம் உண்டு என்று கணக்கு எடுத்துக்கொண்டது. கட்டியபோது அந்தப் பிடிமானம் கணக்கில் இருந்ததுபோல் அமையவில்லை, ஓரத்துக் கம்பிகளில் நிலைமை இன்னும் மோசம். வேலை நடக்கும்போதே கூரை, கணக்குச் சொன்னதைப் போல இரண்டு மடங்கு தொய்ந்தது. கணினி தவறாது என்று நம்பி அதைத் தள்ளிவிட்டார்கள். 1978 ஜனவரி 18 அதிகாலை, பனிப் பாரத்தில் கூரை முழுவதும் கீழே வந்தது. சில மணி நேரம் முன்புதான் ஆயிரக்கணக்கானோர் உள்ளே இருந்து விளையாட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். களத்தில் அளந்தது கணக்கோடு ஒத்துவராவிட்டால், சந்தேகப்பட வேண்டியது உங்கள் மாதிரியுருவை.

10. தாங்கி அசையாது என்று மலைநாட்டில் எண்ணாதீர்கள்.

மென்பொருளில் தூணின் அடியில் ஓர் அடையாளத்தை வைத்தால் அந்தப் புள்ளி உலகம் அழியும்வரை அசையாது. நம் மண் அப்படியல்ல. தோட்டக் கட்டிடங்களில் பல, சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் நிரப்பி எழுந்தவை. பின்வரிசைத் தூண் வெட்டிய கெட்டி மண்ணில், முன்வரிசைத் தூண் நிரப்பிய மண்ணில். முன்வரிசைக்கு வில் தாங்கி கொடுங்கள். இல்லாவிட்டால் முன்வரிசை 10, 20 மில்லிமீற்றர் இறங்கினால் என்ன என்று தனிப் பாரமாக ஓட்டிப் பாருங்கள். விறைப்பான சட்டகத்தில் அந்தச் சிறு இறக்கம் கொண்டுவரும் திருப்பத்தைப் பார்த்தால் அடுத்த முறை மறக்கமாட்டீர்கள்.

அடித்தகட்டில் இரண்டு போல்ட் மட்டும் இருந்தால் அதைப் பிணையலாக எடுங்கள். நான்கு போல்ட் இருந்தாலும், கீழே உள்ள கொங்கிரீட் கட்டையும் மண்ணும் சுழற்சியைத் தடுக்குமா என்று கேட்ட பிறகே விறைப்பு என்று சொல்லுங்கள்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டம் உட்பட மலையகத்தை மறுபடியும் உலுக்கியது. மண்ணே போகும் இடத்தில் உத்திரத்தின் தடிப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. மண்சரிவு அபாய மதிப்பீட்டைக் கையில் வாங்காமல் மாதிரியுருவைத் தொடங்காதீர்கள். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

11. பழைய பொருளுக்குப் புதிய எண்ணைக் கொடுக்காதீர்கள்.

மென்பொருளின் பட்டியலில் உள்ள உருக்கு இன்றைய உருக்கு. நூறு வருஷம் பழைய ஸ்டோரில் நிற்பது வேறு. வார்ப்பிரும்புத் தூண் நெருக்கலில் பலசாலி, இழுவையில் நொறுங்கும். அதன் மேல் வெல்டிங் வைத்துப் புதிய தாங்கி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். சந்தேகமான இடத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புங்கள்.

துருவை அளவெடுத்துக் கழியுங்கள். 10 மில்லிமீற்றர் விளிம்பு இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீற்றர் தின்னப்பட்டால் மிஞ்சுவது 7. பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. அதுவும் எங்கே அதிகம் போகிறது? பீலி ஒழுகும் தூணின் தலையிலும், தரையைக் கழுவும் தண்ணீர் தேங்கும் அடித்தகட்டிலும். அதாவது மூட்டுகளில்.

கல்லையும் செங்கல்லையும் அதன் வழியிலேயே அணுகுங்கள். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே 1921இல் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் ஏறத்தாழ 24 மீற்றர் உயரம், 91 மீற்றர் நீளம். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு, இரும்புச் சட்டகம் இல்லாமல் எழுந்தது. இன்றும் அதன் மேல் பதுளை ரயில் போகிறது. வளைவுக்குள் பாரம் நெருக்கலாகவே இறங்குவதால்தான் அது நிற்கிறது. அதை நேரியல் மீள்தன்மைப் பொருளாக மென்பொருளில் போட்டால், கற்கள் தாங்கவே முடியாத இழுவையை அது அமைதியாகத் தாங்கிக் காட்டும். பொருளுக்கு இல்லாத குணத்தை மாதிரியுருவுக்குக் கொடுத்துவிட்டு வரும் விடை விடையல்ல.

12. வந்த விடையைக் கையால் பிடித்துப் பாருங்கள்.

முதலில் எதிர்விசைகளைக் கூட்டுங்கள். போட்ட பாரத்துக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் மேற்கொண்டு எதையும் படிக்காதீர்கள். அடுத்து வளைந்த வடிவத்தைப் பாருங்கள். பிணையல் என்று சொன்ன இடம் சுழல்கிறதா, விறைப்பு என்ற இடம் செங்கோணத்தைக் காக்கிறதா? மூன்றாவதாக ஓர் உத்திரத்தையும் ஒரு தூணையும் எடுத்துத் தாளில் கணக்குப் போடுங்கள். பத்து வீதம் வித்தியாசம் வந்தால் காரணம் தேடுங்கள். இரண்டு மடங்கு வந்தால் மாதிரியுருவை நிறுத்துங்கள்.

நோர்வேயின் ஸ்லைப்னர் எண்ணெய் மேடையின் கொங்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று கடலில் இறக்கும்போது மூழ்கிப்போனது. கணினி மாதிரியுருவின் வலை, சுவர்கள் சந்திக்கும் மூலையில் போதிய நுணுக்கமாக இல்லை. அதனால் அங்கே வெட்டு விசை 47 வீதம் குறைவாகக் கணிக்கப்பட்டது. உடைந்த பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீற்றரில். அந்தக் கவனம் முன்பே இருந்திருந்தால் போதும்.

13. இணைப்பின் வரைபடம் கையை விட்டுப் போகும்வரை வேலை முடியவில்லை.

மாதிரியுருவில் விறைப்பு என்று சொன்னீர்களா? அப்படியானால் விளிம்புக்குத் தகடு, போல்ட் வரிசை, வெல்டிங்கின் தடிப்பு, எதிர்த் தகடு எல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும். பதுளை டவுனில் உள்ள ஒரு வெல்டிங் பட்டறைக்காரரால் அதைச் செய்ய முடியுமா, ஏணியில் நின்றுகொண்டு அந்தப் போல்டை முறுக்க இடம் இருக்கிறதா என்று அவரிடமே போய்க் கேளுங்கள். அவர் சொல்லும் மாற்றத்தில் பல வேளை உங்களைவிட நல்ல யோசனை இருக்கும். ஆனால் அந்த மாற்றம் கணக்குக்குத் திரும்பி வராமல் போகக் கூடாது.

கன்சாஸ் நகரின் ஹயாட் ரீஜன்சி விடுதியில் இரண்டு நடைபாதைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக, மேலிருந்து வரும் ஒரே கம்பியில் தொங்கவிடுவதாக வடிவமைப்பு. பூட்டுவது கஷ்டம் என்று கம்பியை இரண்டாக்கினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்திரத்திலேயே தொங்கியது. அந்த உத்திரத்தின் அடியில் இருந்த சுரைக்கு வந்த பாரம் இரட்டித்தது. அந்த மூட்டை மறுபடி கணக்கிட்டவர் யாரும் இல்லை. 1981 ஜூலை 17 மாலை 114 பேர் இறந்தார்கள். முதலில் விட்டது உறுப்பல்ல, ஒரு மூட்டு.

14. எடுத்துக்கொண்டவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பக்கம் போதும். எந்த மூட்டைப் பிணையலாக எடுத்தேன், ஏன். எந்தத் தூணுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் உண்டு என்று நம்பினேன். மாடியில் எவ்வளவு பாரம் ஏற்றலாம். எந்தக் குறுக்குக் கட்டைக் கழற்றவே கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஸ்டோர் அலுவலகத்திலும் தோட்ட அலுவலகத்திலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். புதிய இயந்திரம் வைக்க வழி வேண்டும் என்று யாரோ ஒரு சாய்வுக் கம்பியை அறுத்துவிடும் வேலை இந்தத் தாளால் நிற்கும். கழற்றக் கூடாத கம்பிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளே, அந்த மாடிக்குக் கீழே ரோலர் ஓட்டுபவரும், கொழுந்துச் சாக்கு இறக்குபவரும், தூள் சலிக்கும் அக்காமாரும் உங்கள் சொந்தக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் திரையைப் பார்க்கப்போவதில்லை. மேலே இருப்பது தாங்கும் என்று நம்பித்தான் ஒவ்வொரு நாளும் உள்ளே வருகிறார்கள். அவர்கள் உழைத்துப் படிக்கவைத்த அறிவு அவர்கள் தலைக்கு மேலேதான் வேலை செய்யப்போகிறது. அடுத்த வேலைக்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, உங்களுக்குக் கிட்டிய ஸ்டோரில் அனுமதி கேட்டு, பத்து மூட்டுகளைச் சுரண்டிப் பார்த்துக் கையால் வரைந்து வாருங்கள். மென்பொருளின் பாடங்களை அதற்குப் பிறகு தொடங்கலாம்.